யார் இந்த சுரஞ்சன் தாஸ்? மாருத் ஜெட்டை முதலில் பறக்கவிட்டவர், அதே ரக விமானத்தில் உயிரிழந்த கதை

பெங்களூருவில் வேலை பார்க்கிற நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் புதுசு இல்லை. பையப்பனஹள்ளி பக்கம் பழைய மெட்ராஸ் ரோட்டில் பிரிந்து, எச்ஏஎல் இருக்கும் பழைய ஏர்போர்ட் ரோட்டில் போய்ச் சேரும் சாலை அது. மேப்பில் சுரஞ்சன் தாஸ் ரோடு என்று வரும். கேப் புக் பண்ணும்போது டைப் பண்ணியிருப்பீங்க, டிராஃபிக்கில் மாட்டி நின்றும் இருப்பீங்க. யாருங்க இந்த சுரஞ்சன் தாஸ் என்று கேட்டால் மட்டும், ஏதோ வங்காளத் தலைவராக இருக்கும் என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

வங்காளி என்பது சரி. ஆனால் அரசியல்வாதி கிடையாது. இந்திய விமானப்படையில் குரூப் கேப்டன். இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானத்தை முதன்முதலாக வானில் ஏற்றியவர். எட்டரை ஆண்டுகள் கழித்து அதே ரக விமானம் ஒன்றில், டேக்-ஆஃப் ஆன சற்று நேரத்தில் நடந்த விபத்தில் உயிரிழந்தவர்.

அந்த எட்டரை ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. அதில் தாஸின் கதை பாதி, ஒரு எஞ்சினின் கதை பாதி.

நீதிபதி வீட்டுப் பிள்ளை

சுரஞ்சன் தாஸ் 1920ல் பிறந்தார். அப்பா சுதி ரஞ்சன் தாஸ். இந்தப் பெயரும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கலாம். 1956 பிப்ரவரி முதல் 1959 செப்டம்பர் வரை உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், இந்திய அளவில் அந்தப் பதவிக்கு வந்த ஐந்தாவது நபர். சின்ன வயதில் சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்தவர். ஓய்வுக்குப் பிறகு அதே சாந்திநிகேதனில், விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் போய் உட்கார்ந்தார். தாஸின் சகோதரி அஞ்சனாவின் கணவர் அசோக் குமார் சென், நேரு அமைச்சரவையில் சட்ட அமைச்சர்.

சட்டம் இப்படி வீடு முழுக்க நிறைந்திருந்த குடும்பம். லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் ஆகி, கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டோடு நிற்பதுதான் அந்த வீட்டுப் பிள்ளைக்கு எல்லோரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய பாதை. தாஸ் விமானப்படைக்குப் போனார். அங்கேயும் எல்லோரும் போகிற வழியில் போகவில்லை. போர் விமானிகளிலேயே ரொம்பக் குறைவான பேர் தேர்ந்தெடுக்கும் வேலைக்குப் போனார்: சோதனை விமானி.

சோதனை விமானிக்கு என்ன வேலை?

சினிமாவில் காட்டுகிற மாதிரி சாகசம் பண்ணுவது இவர்கள் வேலை இல்லை. வடிவமைப்பாளர் ஒரு விமானத்தைத் தாளில் வரைகிறார். இத்தனை வேகத்தில் மேலெழும், இத்தனை வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தாங்காமல் சரியும், இந்த உயரத்தில் இவ்வளவு வேகம் தொடும் என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு சரியா என்று நேரில் ஏறிப் பார்க்கிறவர்தான் சோதனை விமானி. கணக்கு சரியாக இருந்தால் குறித்துக்கொண்டு இறங்குவார். தப்பாக இருந்தாலும் அதைக் குறித்துக்கொண்டு, விமானத்தை உடைக்காமல் இறங்கி வர வேண்டும். அதுதான் கஷ்டம்.

இன்றைக்கு இதற்கு கம்ப்யூட்டர் சிமுலேட்டர் இருக்கிறது. விமானம் ஓடுபாதைக்கு வருவதற்கு முன்பே விமானி அதை நூற்றுக்கணக்கான முறை தரையிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம். பறக்கும்போது ஒவ்வொரு கருவியின் அளவும் நேரடியாகக் கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு வந்துகொண்டே இருக்கும். 1950களில் அந்த வசதியெல்லாம் எங்கே? தொடையில் கட்டிய சின்ன அட்டையில் பென்சிலால் எழுதிக்கொண்டு ஓட்டிய காலம் அது.

இந்த வேலைக்கென்று தனிப் படிப்பு உண்டு. பிரிட்டனில் எம்பயர் டெஸ்ட் பைலட்ஸ் ஸ்கூல் என்ற பள்ளி, அப்போது ஃபார்ன்பரோவில் இயங்கியது. அங்கே பயிற்சி பெற்ற ஆரம்ப கால இந்தியர்களில் தாஸ் ஒருவர். இந்திய விமானப்படைக்குச் சொந்தமாக ஒரு சோதனை விமானிகள் பள்ளி வந்ததெல்லாம் 1970களில்தான். அதைப் பார்க்க தாஸ் இல்லை.

ஜெர்மனிக்காரர் பெங்களூரு வந்த கதை

இப்போது விமானத்துக்கு வருவோம். பெங்களூரு எச்ஏஎல் நிறுவனம் 1940ல் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசு உதவியோடு தொடங்கியது. போர்க்காலத்தில் பெரும்பாலும் பழுதுபார்க்கும் பட்டறை மாதிரித்தான் ஓடியது. சுதந்திரத்துக்குப் பிறகு வி.எம். கட்டகே என்ற வடிவமைப்பாளர் தலைமையில் எச்டி-2 என்ற பயிற்சி விமானத்தைச் சொந்தமாக வடிவமைத்தார்கள். 1951ல் பறந்தது. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், மூக்கில் ஒரு புரொப்பெல்லர். அதுதான் அப்போதைய உச்சம்.

அங்கிருந்து ஒரே தாவலில் ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம் போகக்கூடிய ஜெட் போர் விமானம் வேண்டும் என்று அரசு முடிவு பண்ணியது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கையோடு பந்தயக் கார் கட்டப் போவது மாதிரி. அதற்காக அழைத்து வரப்பட்டவர் கர்ட் டாங்க்.

டாங்க் சாதாரண ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பேர்போன ஃபோக்க-வுல்ஃப் 190 போர் விமானம் அவருடைய வடிவமைப்பு. போர் முடிந்ததும் அர்ஜென்டினாவுக்குப் போனார். அங்கே அதிபர் பெரோன் ஆதரவில் புல்கி-2 என்ற ஜெட் விமானத்தைக் கட்டினார். அந்த விமானம் இரண்டு சோதனை விமானிகளின் உயிரைக் குடித்தது, 1951ல் ஒருவர், 1952ல் இன்னொருவர். 1955ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது, டாங்க்கின் வேலையும் போச்சு. அடுத்த ஆண்டே, 1956 ஆகஸ்டில், ஜெர்மன் பொறியாளர்கள் குழுவோடு பெங்களூருவில் வந்து இறங்கினார்.

திட்டத்துக்கு வைத்த பெயர் எச்எஃப்-24. எச்எஃப் என்றால் ஹிந்துஸ்தான் ஃபைட்டர். பிறகு மாருத் என்று பெயர் சூட்டினார்கள். வேதத்தில் வரும் புயல் தெய்வத்தின் பெயர். அனுமனுக்கு மாருதி என்று பெயர் வந்ததும், அதிலிருந்து ஒரு கார் கம்பெனிக்குப் பெயர் வந்ததும் இந்தக் குடும்பத்தில்தான்.

நேராக ஜெட் கட்டாமல், முதலில் அதே அளவில், அதே வடிவத்தில் மரத்தால் ஒரு கிளைடர் செய்தார்கள். எஞ்சின் கிடையாது. டகோட்டா விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய் விட்டுவிடும். அங்கிருந்து மிதந்து இறங்க வேண்டும். 1959ல் தொடங்கி எழுபதுக்கும் மேற்பட்ட முறை இப்படிப் பறந்து பார்த்தார்கள். இறக்கை வடிவம் சரி, கட்டுப்பாடு சரி என்று தெரிந்த பிறகுதான் நிஜ விமானம்.

1961 ஜூன் 17

அந்த நாள் மாருத்தின் முதல் மாதிரி விமானம் பெங்களூருவில் ஓடுபாதையை விட்டு மேலெழுந்தது. உள்ளே ஒரே ஒரு இருக்கை, அதில் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். பத்திரமாக இறங்கினார். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூன் 24 அன்று, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் முன்னிலையில் அதிகாரப்பூர்வமாகப் பறந்து காட்டினார்கள். முதல் பறப்பை அமைச்சர் வருவதற்கு முன்பே முடித்து வைத்துக்கொண்டது புத்திசாலித்தனம். புது விமானம் விஐபி முன்னாலதான் மக்கர் பண்ணும்.

சோவியத் ஒன்றியத்தைத் தவிர்த்துப் பார்த்தால், ஆசியாவில் வடிவமைத்து, சோதனையைத் தாண்டிப் படைக்கும் போன முதல் ஜெட் போர் விமானம் இதுதான்.

ஓட்டியவர்கள் பொதுவாக மாருத்தைப் பற்றி நல்லபடியாகவே சொல்லியிருக்கிறார்கள். தாழ்வாகப் பறக்கும்போது ஆடாமல் நிற்கும், கை சொன்னபடி கேட்கும், உடம்பு இரும்பு மாதிரி. குறை என்று எல்லோரும் சுட்டிக்காட்டியது ஒன்றே ஒன்றைத்தான். பலம் பத்தாது.

எஞ்சின் எங்கே?

டாங்க் மாருத்தை வரைந்தபோது மனதில் வைத்திருந்த எஞ்சின் பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12. அதில் ஆஃப்டர்பர்னர் இருக்கும். அது என்னவென்றால், எஞ்சினிலிருந்து பின்பக்கமாக வெளியேறும் சூடான வாயுவில் இன்னும் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். அதில் மறுபடியும் எரிபொருளைப் பீய்ச்சிக் கொளுத்தினால் கூடுதல் தள்ளுவிசை கிடைக்கும். போர் விமானம் மேலெழும்போது பின்னால் நீளமாகத் தீ தெரியுமே, அதுதான். எரிபொருளைக் கண்டபடி குடிக்கும், ஆனால் அவசரத்துக்கு அதைவிட்டால் வழி இல்லை.

ஆர்ஃபியஸ் 12 ஒவ்வொன்றும் ஆஃப்டர்பர்னரோடு 3,700 கிலோ அளவுக்குத் தள்ளுவிசை தரும் என்பது கணக்கு. மாருத்துக்கு இரண்டு எஞ்சின், ஆக சுமார் 7,400 கிலோ. ஆனால் அந்த எஞ்சினை வாங்குவதாக இருந்த ஐரோப்பியத் திட்டம் கைவிடப்பட்டது. பிரிட்டன் இந்தியாவைப் பார்த்து, உங்களுக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் உருவாக்கும் செலவை நீங்களே கொடுங்கள் என்றது. டெல்லி மறுத்துவிட்டது.

பதிலுக்குப் போட்டது ஆர்ஃபியஸ் 703. ஏற்கெனவே நாட் விமானத்துக்காக அந்த எஞ்சின் குடும்பத்தைப் பெங்களூருவில் தயாரிக்க ஏற்பாடு இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததை எடுத்து மாட்டினார்கள். ஆஃப்டர்பர்னர் கிடையாது. ஒவ்வொன்றும் 2,200 கிலோ, இரண்டும் சேர்ந்தால் 4,400. அதாவது டாங்க் கணக்குப் போட்டதில் 60 சதவீதம்தான். அதே காலத்தில் இந்தியா வாங்க முடிவு பண்ணிய மிக்-21 ஒற்றை எஞ்சின் விமானம், மாருத்தைவிடப் பெரிய எடை இல்லை. அதன் ஆரம்ப ரகங்களில் அந்த ஒரே எஞ்சின் ஆஃப்டர்பர்னரோடு 5,700 கிலோவுக்கு மேல் கொடுத்தது.

ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம் என்று கனவு கண்ட விமானம், நேர்மட்டத்தில் ஒலியின் வேகத்தைத் தொடவே திணறியது. அன்றைக்கு அந்தச் செலவைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ராணுவ ஆர்வலர்கள் இன்றும் சண்டை போடும் விஷயம். எனக்கு அது மிச்சப்படுத்தக்கூடாத இடத்தில் மிச்சப்படுத்திய பணமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்நியச் செலாவணி இல்லாமல், அரிசிக்கும் கோதுமைக்கும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த நாடு அது என்பதையும் சொல்ல வேண்டும்.

வேறு எஞ்சின் தேடி அலைந்ததும் தனிக் கதை. சோவியத் எஞ்சின் ஒன்றைப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. எகிப்து அப்போது எச்ஏ-300 என்ற போர் விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. வடிவமைத்தவர் இன்னொரு பிரபல ஜெர்மானியர், மெஸ்ஸர்ஷ்மிட். எகிப்திடம் எஞ்சின் இருந்தது, சோதனை விமானி இல்லை. இந்தியாவிடம் சோதனை விமானி இருந்தார், எஞ்சின் இல்லை. எனவே கபில் பார்கவா என்ற இந்திய விமானி எகிப்துக்குப் போய் 1964 மார்ச்சில் அவர்களுடைய விமானத்தை முதன்முதலில் ஓட்டிக்கொடுத்தார். இங்கிருந்து ஒரு மாருத்தும் போனது, எகிப்து எஞ்சினை மாட்டிப் பார்க்க. 1967ல் இஸ்ரேலோடு போர், எகிப்தின் விமானப்படை நொறுங்கியது. 1969ல் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

இதற்கிடையில் மாருத் விமானப்படைக்கும் போய்விட்டது. 1967 ஏப்ரலில் 10வது படைப்பிரிவு அதை ஏற்றுக்கொண்டது. எதிரி விமானத்தோடு மோதும் வேலையை மிக்-21க்குக் கொடுத்துவிட்டு, மாருத்தைத் தரைத் தாக்குதலுக்கு ஒதுக்கினார்கள்.

நடுவில் ஒரு கிரண்

தாஸின் பெயர் மாருத்தோடு ஒட்டிக்கொண்டாலும், அவர் முதன்முதலில் பறக்கவிட்டது அது மட்டும் இல்லை. 1964 செப்டம்பர் 4 அன்று கிரண் என்ற ஜெட் பயிற்சி விமானத்தையும் முதலில் வானில் ஏற்றியவர் அவர்தான். தலைமுறை தலைமுறையாக விமானப்படை விமானிகள் ஜெட் ஓட்டக் கற்றுக்கொண்டது கிரணில். சூரியகிரண் சாகசக் குழு 1996ல் தொடங்கியபோது பறந்ததும் இதே கிரணில்தான், பெயரிலேயே இருக்கிறது பாருங்க.

ஒலக்கூர், திண்டிவனம் பக்கமிருந்து ரயிலேறி தாம்பரம் போய் வேலை பார்க்கிறவர்கள் கிரணைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்றுநர்களுக்கான பள்ளி இருக்கிறது. அங்கே பல ஆண்டுகள் வட்டமடித்தது இந்த விமானம்தான்.

1970 ஜனவரி 10

வெளிநாட்டு எஞ்சின் எதுவும் அமையாத நிலையில், இருக்கிற ஆர்ஃபியஸ் 703க்கே நாமே ஆஃப்டர்பர்னர் செய்து மாட்டலாம் என்ற யோசனை வந்தது. செய்தது பெங்களூருவில் உள்ள ஜிடிஆர்இ, அதாவது பாதுகாப்புத் துறையின் எஞ்சின் ஆய்வு நிறுவனம். நாட்டின் மிக ஆரம்ப கால எஞ்சின் முயற்சிகளில் ஒன்று இது. ஒவ்வொரு எஞ்சினின் தள்ளுவிசையும் 2,200லிருந்து சுமார் 2,600 கிலோவுக்கு உயர்ந்தது. 18 சதவீதம் கூடுதல். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆஃப்டர்பர்னருக்கு நீளமான குழாய் வேண்டும், அதைச் சுற்றி வால் பகுதி பெருக்கும், எடை கூடும், காற்றுத்தடை கூடும். ஒரு கையில் கொடுத்ததை இன்னொரு கையில் பிடுங்கிக்கொள்ளும்.

இந்த மாற்றத்தோடு வந்த மாருத்துக்கு எம்கே-1ஆர் என்று பெயர். அதைச் சோதிக்க வேண்டிய பொறுப்பு மறுபடியும் தாஸிடம். அப்போது அவர் குரூப் கேப்டன், வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இளைய சோதனை விமானிகள் இருந்தார்கள். இருந்தும் ஏறியது அவர். மாருத்தை அதன் பிறந்த நாள் முதல் அறிந்தவர், இந்த மாதிரி ஒரு சோதனைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார் என்று நினைத்திருந்தால் அதில் தப்பே இல்லை.

ஜனவரி 10, சனிக்கிழமை. எச்ஏஎல் விமான நிலையத்தில் தாஸ் அந்த விமானத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். மேலெழுந்தது. ஆனால் தொடர்ந்து ஏறவில்லை. டேக்-ஆஃப் ஆன கொஞ்ச நேரத்திலேயே விழுந்து நொறுங்கியது. தாஸ் உயிரிழந்தார்.

டேக்-ஆஃப்பில் ஏன் தப்பிக்க முடியாது?

இவ்வளவு அனுபவம் உள்ள விமானி ஏன் தப்பிக்கவில்லை, குதித்திருக்கலாமே என்று பலருக்கும் தோன்றும். அதைக் கொஞ்சம் விளக்கிவிடலாம்.

விமானிக்குப் பிரச்சினை வந்தால் கையில் இருக்கும் சேமிப்பு இரண்டுதான்: உயரம், வேகம். 10,000 அடியில் எஞ்சின் நின்றால்கூட மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பிடித்து, யோசித்து, திரும்பி, இறங்க இடம் தேடலாம். அவ்வளவும் வேகமாகப் பறக்கிறது, ஆனால் தாழ்வாக என்றால், அந்த வேகத்தை உயரமாக மாற்றிக்கொள்ளலாம். டேக்-ஆஃப் ஆன முதல் அரை நிமிடத்தில் இரண்டுமே கிடையாது. டேங்க் நிறைய எரிபொருள், எடை உச்சத்தில். சக்கரம் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் தன்னால் முடிந்த அத்தனை பலத்தையும் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கும், இன்னும் கொஞ்சம் அழுத்தலாம் என்று மிச்சம் வைத்திருக்க முடியாது. ஓடுபாதையில் ஒரு குறிப்பிட்ட புள்ளி வரை பிரேக் போட்டு நிறுத்தலாம். அதைத் தாண்டினால் ஏறித்தான் ஆக வேண்டும்.

பலம் குறைந்த எஞ்சின் உள்ள விமானத்துக்கு இந்த ஆபத்தான இடைவெளி இன்னும் நீளம். போதாக்குறைக்கு பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் இறக்கைக்குத் தூக்குவிசையும் குறையும், எஞ்சினுக்குத் தள்ளுவிசையும் குறையும். சென்னையில் ஓடுகிற தூரத்தைவிட அங்கே அதிகம் ஓட வேண்டும்.

எஜெக்‌ஷன் சீட் பற்றிக் கேட்பீர்கள். இன்றைய இருக்கைகள் விமானம் நின்றுகொண்டிருந்தால்கூட விமானியைத் தூக்கி எறிந்து, பாராசூட் விரியும் உயரம் வரை கொண்டுபோகும். அந்தக் காலத்து இருக்கைகள் பலவற்றுக்கு அந்தத் திறன் கிடையாது. தாழ்வாக இருக்கும்போது வேலை செய்ய முன்னோக்கிய வேகம் தேவை. அதைவிட முக்கியம், விமானம் கீழ்நோக்கிச் சரிந்துகொண்டிருந்தால் இருக்கையும் அந்தச் சரிவோடுதான் கிளம்பும். நூறு அடியில் சரியத் தொடங்கிய விமானத்தில், இழுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கிடைப்பது ஓரிரு நொடிகள். சோதனை விமானிக்கு இன்னொரு சங்கடம் வேறு. அந்த மாதிரி விமானம் உலகத்திலேயே ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதை எப்படியாவது காப்பாற்றிக் கொண்டுவர வேண்டும் என்றுதான் அவர்களுடைய பயிற்சியும் புத்தியும் சொல்லும்.

உலகம் முழுக்க இந்த முதல் நிமிடம் பெரிய ஆட்களைக் கொண்டுபோயிருக்கிறது. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த பிரிட்டனின் ராய் சாட்விக், 1947 ஆகஸ்டில் டியூடர் என்ற பயணிகள் விமானத்தின் சோதனைப் பறப்பில் ஏறினார். பராமரிப்பின்போது இறக்கைக் கட்டுப்பாட்டுக் கம்பிகளை இடவலமாக மாற்றி மாட்டியிருந்தார்கள். டேக்-ஆஃப்பிலேயே விழுந்தது. சாட்விக்கும் தலைமைச் சோதனை விமானியும் இறந்தார்கள். ஆயிரம் அடிக்கு மேலே போன பிறகு அந்தத் தவறு தெரிந்திருந்தால் விமானிக்கு யோசிக்கவாவது நேரம் கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகு

அந்த ஆண்டே நாட்டின் இரண்டாவது உயரிய குடிமக்கள் விருதான பத்ம விபூஷண் தாஸுக்கு அளிக்கப்பட்டது. அதே ஆண்டுப் பட்டியலில் நமக்குத் தெரிந்த இரண்டு பெயர்கள் உண்டு: திருச்செங்கோடு பக்கத்து குமாரமங்கலம் ஜமீனிலிருந்து ராணுவத் தலைமைத் தளபதியாக உயர்ந்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், மற்றும் ஆற்காடு ராமசாமி முதலியார். சுதி ரஞ்சன் தாஸ் மகன் இறந்த பிறகும் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார், 1977ல் காலமானார்.

ஆஃப்டர்பர்னர் மாருத் படைக்குப் போகவே இல்லை. சாதாரண மாருத் தயாரிப்பு தொடர்ந்தது. அதே 1970 ஏப்ரல் 30 அன்று இரண்டு இருக்கை கொண்ட பயிற்சி மாருத் முதன்முதலாகப் பறந்தது. தாஸ் இறந்து நான்கு மாதம்கூட முடியவில்லை, இன்னொரு சோதனை விமானி அதே ஓடுபாதையில் புது மாருத்தோடு நின்றார். இந்த வேலையில் அப்படித்தான்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் போர் வந்தது. மாருத் படைப்பிரிவுகள் ராஜஸ்தானிலிருந்து பாகிஸ்தானுக்குள் தாழ்வாகப் பறந்து ரயில், டாங்கி, எரிபொருள் கிடங்கு என்று தாக்கின. லோங்கேவாலா சண்டையிலும் பங்கு உண்டு. தரையிலிருந்து சுடப்பட்டுச் சில மாருத்கள் விழுந்தன. ஆனால் வான் சண்டையில் எதிரி விமானத்தால் ஒரு மாருத்கூட வீழ்த்தப்படவில்லை. பதிலுக்கு ஒரு மாருத், பாகிஸ்தானின் சேபர் விமானம் ஒன்றை வீழ்த்தியது. ஒரு எஞ்சினில் அடிபட்டு, மிச்சமிருந்த இன்னொன்றை வைத்துக்கொண்டே திரும்பி வந்த மாருத்களும் உண்டு. பலம் குறைந்த இரண்டு எஞ்சின் என்று குறை சொன்ன விமானத்தில், அந்த இரண்டாவது எஞ்சின் விமானியை வீடு சேர்த்தது.

மொத்தம் 147 மாருத்கள் கட்டப்பட்டன. 1990ல் கடைசி மாருத்தும் ஓய்வு பெற்றது. டாங்க் அதற்கு ரொம்ப முன்பே, 1967ல், எச்ஏஎல்லை விட்டு விலகிவிட்டார். 1983ல் மியூனிக்கில் காலமானார்.

அடுத்த சொந்த ஜெட் போர் விமானம் வர நாடு நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது. 2001 ஜனவரி 4 அன்று, அதே எச்ஏஎல் ஓடுபாதையிலிருந்து விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் தேஜஸை முதன்முதலாக மேலேற்றினார். கோவை சூலூரில் இன்று பறக்கும் தேஜஸ் அந்த வழியில் வந்ததுதான். அதன் உள்ளே இருப்பது அமெரிக்க எஞ்சின். அதற்காக ஜிடிஆர்இ உருவாக்கத் தொடங்கிய காவேரி எஞ்சின் இன்னும் தேஜஸில் ஏறவில்லை.

மாருத்தை நேரில் பார்க்கணுமா? பெங்களூரு கஸ்தூரிபா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. மியூனிக் பக்கத்தில் ஷ்லைஸ்ஹைமில் உள்ள ஜெர்மன் அருங்காட்சியகத்தில்கூட ஒன்று வைத்திருக்கிறார்கள், தங்கள் ஊர்க்காரர் வரைந்தது என்பதால். பெங்களூரு போனால் பக்கவாட்டில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு வந்துடாதீங்க, வால் பக்கம் சுற்றிப் போய்ப் பாருங்க. அழகான நீளமான உடம்பு, பின்னால் அதற்குப் பொருந்தாத மாதிரி இரண்டு சின்ன எஞ்சின் குழாய்கள். தாஸ் கடைசியாக ஓட்டிய விமானத்தில் மாற்றியது அந்த இடத்தைத்தான்.